மழை விட்டும் விடாத பெயர்

என் பெயர் தூவானம். புனைபெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தொடங்கி பாஸ்போர்ட் வரைக்கும் அதுதான். பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் ஒரு கணம் யோசிப்பார், முகம் மலரும், பிறகு கேட்பார்: "மழை விட்டும் தூவானம் விடலைன்னு சொல்வாங்களே, அந்தத் தூவானமா?" ஒன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டார். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர் கேட்டார். பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று, வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில், பதிவேட்டில் எழுதிய நர்ஸும் கேட்டார். அவரவருக்கு அது அந்த நிமிஷம் தோன்றிய சொல். எனக்கு ஆயிரமாவது தடவை.

மகளுக்குப் பெயர் வைத்து எட்டு மாதம் ஆகிறது. "எப்படிப் பிடிச்சீங்க இந்தப் பேரை?" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிக் கதைதான் சொல்ல முடிகிறது. முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

யாரும் வைக்காத பெயரோடு வளர்வது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு எடுக்கிற புது ஆசிரியர் சரசரவென்று வாசித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்பார். அந்த இடம் என்னுடையது என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கும் முன்பே எழுந்து நின்றுவிடுவேன். போனில் பெயர் கேட்டால் "தூரிகைக்கு வர்ற தூ, அப்புறம் வானம்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'த'வுக்கு ஹெச் சேர்த்தவர்கள் உண்டு, சேர்க்காதவர்கள் உண்டு. 'ஊ'வுக்கு இரண்டு ஓ போட்டவர்கள் உண்டு, ஒற்றை யு-வோடு நிறுத்தியவர்கள் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, கல்லூரிச் சான்றிதழில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, வேலையில் சேர்ந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க அலைந்தேன்.

அலைச்சல் மறந்துபோகும். தைத்தது பழமொழிதான். தூவானம் என்பது காற்றில் சிதறி வந்து முகத்தில் படுகிற பொடித் துளி. பழமொழி அதைத் தொல்லையாக்கி வைத்திருக்கிறது: பெரிய தொந்தரவு போன பிறகும் போகாத சின்னத் தொந்தரவு. பத்து வயதில் அதைக் கேட்டால் என்ன புரியும்? அண்ணன் பிறந்து ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் நான். இந்த வீட்டில் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவள் என்று அர்த்தம் செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. "ஏம்ப்பா எனக்கு இந்தப் பேரு?" என்று கேட்டால் அப்பா, "மழை நாள்ல பொறந்த, அதான்" என்பார். அதோடு முடிந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் ஒரு தமிழ் ஐயா வந்தார். பதிவேட்டில் என் பெயரைப் பார்த்தார், நிறுத்தாமல் வாசித்தார், அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்கு அதுவே ஆச்சரியம். மறுநாள் வகுப்பில் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எடுத்தார். செம்மண்ணில் மழை விழுந்து இரண்டும் ஒன்றாகிற பாட்டு. எழுதியவரின் உண்மைப் பெயர் கிடைக்காததால், பாட்டில் வந்த உவமையையே எடுத்து அவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றார். அதற்கு அடுத்த பாட்டு, 41, எழுதியவர் அணிலாடு முன்றிலார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதை எழுதினார், அணிலும் முற்றமுமே பெயராகிவிட்டன. நற்றிணையில் ஒருவர் இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற பழைய கயிற்றைப் பாடியிருக்கிறார். அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஐயா இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "பெயல்னா மழை. உனக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் ரெண்டாயிரம் வருஷமா இருக்கார்மா" என்றார். அன்று வீட்டுக்கு எப்படி நடந்து போனேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அவர்தான் பிறகு இடுகுறிப்பெயர், காரணப்பெயர் நடத்தினார். மரம், மண் எல்லாம் இடுகுறி, காரணம் கேட்க முடியாது. பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். பரீட்சைக்காகப் படித்த அந்தப் பாடம் இருபது வருஷம் கழித்து வேறு விதமாகத் திரும்பி வந்தது. அதற்கு வருகிறேன்.

என் கணவர் பெயர் கார்த்திக். அவர் வகுப்பில் நாலு கார்த்திக். ஒருவர் குண்டு கார்த்திக், ஒருவர் கண்ணாடி கார்த்திக், ஒருவர் வெறும் கார்த்திக், இவர் 'அந்த இன்னொரு கார்த்திக்'. வேலைக்குப் போன இடத்திலும் மூன்று பேர். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். எப்போதும் வேறு யாரையோதான் கூப்பிடுவார்கள் என்று பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் எனக்கு இது கோபமாக இருந்தது, காரணம் தெரிந்த பிறகு வருத்தமாக இருந்தது.

ஆகவே கரு உறுதியானதும் எங்களுக்குள் வந்த முதல் பிணக்கு பெயரில்தான். உலகத்தில் இன்னொருவருக்கு இருக்கக் கூடாத பெயர் வேண்டும் என்றார் அவர். வகுப்பில் நாலு பேருக்கு இருக்கிற பெயராகப் பார்த்து வைப்போம் என்றேன் நான். அவரவர் பட்ட இடத்திலிருந்து பேசினோம். பிள்ளைக்குப் பெயர் தேடுகிற அப்பா அம்மா பெரும்பாலும் தங்கள் சின்ன வயதுக்குத்தான் மருந்து தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் அப்படித்தான் தேடினோம்.

ஏழாம் மாதத்தில் டாக்டர் ஆறு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார். எழுந்தால் குளியலறை, விட்டால் கட்டில். ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் அவர் பெயர்கள், வலப்பக்கம் என் பெயர்கள். மொத்தம் 61 சேர்ந்தன. பெயர் யோசிக்காத நேரத்தில் பெயர்களைப் பற்றியே போனில் படித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்படிப் படித்ததில் ஐஸ்லாந்துக் கதை ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே பெயர்களுக்கென்றே 1991 முதல் ஒரு குழு இருக்கிறது. பட்டியலில் இல்லாத பெயரை வைக்க வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும். அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா, பிள்ளைக்குச் சங்கடம் தருமா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒரு தாய் தன் மகளுக்கு 'ப்ளைர்' என்று வைத்தார். இளங்காற்று என்று பொருள். அந்த நாட்டு எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னெஸ்ஸின் நாவல் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் உண்டு. குழு மறுத்தது. அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால், பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்றது. வீட்டில், பள்ளியில் எல்லாம் ப்ளைர். அரசு ஆவணங்களில் மட்டும் 'ஸ்டூல்கா', அதாவது 'சிறுமி'. 15 வயது வரைக்கும் வெறும் 'சிறுமி'யாக இருந்தாள் அவள். 2013 ஜனவரியில் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கே ஆண் பெயர், பெண் பெயர் என்ற கட்டுப்பாடே போய்விட்டது.

காற்றின் பெயர் வைத்த ஒரு பெண், அந்தப் பெயருக்காகத் தன் அம்மாவோடு நீதிமன்றம் போயிருக்கிறாள். நான் என் பெயரைக் காலேஜில் 'வாணி' என்று சுருக்கிக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எல்லாப் பெற்றோரையும் அப்படி மெச்ச முடியாது. 1996-இல் ஸ்வீடனில் ஒரு தம்பதி 43 எழுத்தும் எண்ணுமாக ஒன்றைக் கொடுத்து, இதை 'ஆல்பின்' என்று படியுங்கள் என்றார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் பெயரைப் பதியவில்லை என்று போட்ட அபராதத்துக்கு எதிர்ப்பாம். மறுத்துவிட்டார்கள், நல்லவேளை. நியூசிலாந்தில் ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமியை 2008-இல் ஒரு நீதிபதி நீதிமன்றப் பாதுகாப்பில் எடுத்து, பெயரை மாற்ற வழிசெய்தார். தோழிகளுக்குக்கூட உண்மைப் பெயரைச் சொல்லாமல் ஒற்றை எழுத்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள் அந்தக் குழந்தை. பெற்றவர்கள் தங்கள் சண்டைக்கும் விளையாட்டுக்கும் பிள்ளையின் பெயரை எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம், எழுபது எண்பது வருஷம் அதைச் சொல்லப்போவது அந்தப் பிள்ளை.

கார்த்திக்குக்குச் சாதகமான செய்தியும் கிடைத்தது. வனெஸ்ஸா என்ற பெயரை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி ஒருவரின் முதல் பெயரிலும் குடும்பப் பெயரிலும் துண்டு எடுத்து ஒட்டிச் செய்தார். வெண்டி என்ற பெயர் ஜே. எம். பேரியின் 'பீட்டர் பான்' நாடகம் 1904-இல் மேடையேறும் வரை மிக அபூர்வம். இன்று இரண்டும் சாதாரணப் பெயர்கள், யாரும் நின்று வாசிப்பதில்லை. சாதாரணப் பெயரே பாதுகாப்பு என்ற என் வாதத்தையும் ஒன்று அசைத்துவிட்டது. அமெரிக்காவில் அலெக்ஸா பரவலாக வைத்துக்கொண்டிருந்த பெயர். 2014-இல் அமேசான் அந்தப் பெயரில் பேசும் கருவியைக் கொண்டுவந்தது. அப்புறம் பெற்றோர் அந்தப் பெயரை விட்டு விலகத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே வைத்துவிட்ட வீடுகளில் அந்தப் பெண்களை எத்தனை பேர் விளக்கைப் போடச் சொல்லியிருப்பார்கள்!

இன்னொன்றும் மனதில் நின்றது. ஆப்பிரிக்காவின் அகான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அவரைப் போல லட்சக்கணக்கான கோஃபிகள் இருப்பார்கள். ஆனால் தன் பெயர் ஏன் அது என்று தெரியாத ஒரு கோஃபி இருக்க முடியுமா?

அந்த இடத்தில்தான் ஐயா நடத்திய பாடம் திரும்பி வந்தது. பெயர் வைக்கிறவருக்கு எல்லாப் பெயரும் காரணப்பெயர்தான். ஏதோ ஒன்றைப் பார்த்து, நினைத்து, வேண்டிக்கொண்டு வைக்கிறார். காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் பிள்ளைக்கு அது வெறும் இடுகுறி. என் பெயர் எனக்கு அப்படி ஆகிவிட்டது. காரணம் இல்லாத இடத்தில் பழமொழி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பா, என்னைப் பத்திச் சொல்லுங்க. மழை நாள்னு மட்டும் சொல்லாதீங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நேரில் வருகிறேன் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார், சட்டைப் பையில் ஒரு பழைய கைடைரியோடு. உள்ளங்கை அளவு, அட்டை கிழிந்து நூல் தெரிகிறது. நான் பிறந்த வாரத்துப் பக்கத்தில் நீல மையில் நிர்மலா என்று எழுதி அடித்திருக்கிறார். கீழே மலர்விழி, அதையும் அடித்திருக்கிறார். அதற்கும் கீழே தூவானம். அடிக்கோடு ஒன்று. பக்கத்தில் '4.40, கண்ணைத் திறந்தாள்'. அந்த எண்ணின் மீது மை கொஞ்சம் கரைந்து பரவியிருக்கிறது.

பிறந்து இரண்டு நாள் நான் கண்ணையே திறக்கவில்லையாம். தூக்கம், தூக்கம். பாலுக்கு எழுப்பினாலும் வாயை அசைக்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் மழை நின்ற பிறகு, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்திருக்கிறார். ஒரு காற்று அடித்து, மரத்திலோ கூரையிலோ தங்கியிருந்த துளிகளை அள்ளிக்கொண்டு வந்து என் முகத்தில் தெளித்திருக்கிறது. முகத்தைச் சுளித்தேனாம். அப்புறம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேனாம்.

"தூவானம் விடாம இருந்துச்சு, அதனால நீ முழிச்ச" என்றார் அப்பா.

"இதை ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"அந்த ரெண்டு நாளைப் பத்திப் பேசணுமே பாப்பா. அம்மாவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

முப்பத்து நாலு வருஷம் என்னைக் குத்திய அதே பழமொழியில்தான் என் பெயரின் காரணமும் இருந்திருக்கிறது. மழை போன பிறகு வந்த அந்தச் சிறு துளிக்காக ஒரு மனிதர் நன்றி சொல்லி வைத்த பெயர். அப்பா போன பிறகு நோட்டில் என் பக்கத்துப் பெயர்களை எல்லாம் நானே அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தேடல் சுலபமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எங்களுக்கு நடந்தது என்ன? ஆறு வாரப் படுக்கை நடந்தது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்குப் பார்த்தது. காலையில் ஏழு மணி வாக்கில் இளவெயில் உள்ளே வந்து எதிர்ச் சுவரில் ஒரு சதுரமாக நிற்கும். முக்கால் மணி நேரத்தில் போய்விடும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அவள் உள்ளே புரள்வாள். முதல் நாள் அசைவே தெரியாமல் பயந்து போயிருந்த எனக்கு, அது வந்தால் அன்றைய நாள் பிழைத்தது. கார்த்திக் ஒவ்வொரு ஞாயிறும் சரியாக ஏழு மணிக்கு அந்தச் சதுரத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டு வைத்தார். வாரத்துக்கு வாரம் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஐந்தாவது கோடு போட்டுவிட்டுத் திரும்பி, "பேரு இங்கயே இருக்கே" என்றார்.

இளவெயில். நோட்டில் இல்லாத பெயர்.

நாங்கள் செய்த சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். அறையின் அந்தக் கோடியிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். கோபமாகக் கூப்பிட்டுப் பார்த்தோம். 'இளா' என்று சுருங்கும், 'வெயில்' என்றும் சுருங்கும், இரண்டும் காதுக்கு நல்லதாகவே இருந்தன. ஆங்கிலத்தில் எழுதினால் 'ழ' தொந்தரவு இல்லை. எழுத்துக்கூட்டலை அன்றைக்கே ஒரே மாதிரியாக முடிவு செய்து, இனி எந்தப் படிவத்திலும் இதுதான் என்று எழுதி வைத்தோம். இதில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசிச் சோதனை என்னுடையது. இந்தப் பெயருக்காக எந்தப் பழமொழி காத்திருக்கிறது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும். ஒவ்வொரு ஆசிரியரும், ஒவ்வொரு கவுன்டரும் இவளிடம் அதைச் சொல்லப் போகிறது. நிழல்தான் அருமை, வெயில் கஷ்டம் என்று இவளும் பத்து வயதில் கேட்டுக்கொள்வாள். வேண்டாம் என்றேன். இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் கார்த்திக் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பழமொழியில தெரிய வைக்கிறது யாரு? வெயில்தானே."

சரி என்றேன்.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "பச்சக் குழந்தைக்கு வெயில்னா பேரு வைப்பாங்க?" என்றார். சுவரைக் காட்டினோம். கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார், கடைசிக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, "இது எந்த நாளு?" என்று கேட்டார். இப்போது அந்த வீட்டில் அந்தப் பெயரை அதிகம் கூப்பிடுகிறவர் அவர்தான், 'எளவெயிலு' என்று.

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். காலி செய்ததும் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுவார்கள். போன ஞாயிறு ஒரு நீளக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, ஆறு கோடுகளையும் பென்சிலால் மேலே தேய்த்துப் பிரதி எடுத்தோம். கார்த்திக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார், நான் தேய்த்தேன், இளவெயில் தரையில் உட்கார்ந்து என் புடவை நுனியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் தேதி எழுதினேன். காகிதத்தின் பின்பக்கம், அவள் படிக்கிற வயதில் படிக்கட்டும் என்று, படுக்கை, ஜன்னல், பயம், புரளல் எல்லாவற்றையும் எழுதி, மடித்து, அப்பாவின் கைடைரியோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். பழமொழியையும் எழுதியிருக்கிறேன். யாராவது அவளிடம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.